பெரிய மிதவைப் படகு வாங்கி ஏமாந்தோம்: குழாயை அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயிலுக்கு வந்துவிட்டு முத்தையன்கட்டுக் குளத்தையும் பார்த்துப் போகிற குடும்பங்களை ஏற்றலாம் என்ற எண்ணத்தில், நானும் மச்சானும் கூட்டாகக் காசு போட்டு ஒரு மிதவைப் படகு வாங்கினோம். இரண்டு அலுமினியக் குழாய்களின் மீது பலகைத் தட்டு அடித்து, கம்பித் தடுப்பும் கூரையும் போடுகிற வகை அது. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் யார் என்பதை எழுதவில்லை.

அவரிடம் 16 அடிப் படகு 13 இலட்சத்துக்கும், 22 அடிப் படகு 22 இலட்சத்துக்கும் இருந்தன. கோடையில் தண்ணீர் உள்வாங்கினால் சிறியதை உழவு இயந்திரத்தால் இழுத்துக்கொண்டு போய் இறக்கலாம், சோளகம் வீசும் நாட்களில் கூரை உயர்ந்த பெரிய படகைக் காற்று கரைக்குத் தள்ளிவிடும் என்று மச்சான் சிறியதன் பக்கமே நின்றான். விற்றவரோ, “அண்ணை, சின்னதில ஆறு பேர், பெரிசில பதினாலு பேர். கணக்கை நீங்களே பாருங்கோ” என்றார். நான் அந்தக் கணக்கைத்தான் பார்த்தேன்.

முதல் நாள் எங்கள் வீட்டார் எட்டுப் பேரை மட்டும் ஏற்றினோம். படம் எடுப்பதற்காக நால்வர் முன்பக்கம் நகர்ந்தபோது தட்டின் முன்விளிம்பு தாழ்ந்து, கழற்றி வைத்திருந்த செருப்புகள் தண்ணீரில் மிதந்தன. கரையை விட்டு அதிக தூரம் போகாததால் தப்பினோம்.

மறுநாள் படகைக் கரையேற்றி, மேசன் நூலைக் குழாயைச் சுற்றிப் பிடித்து அளந்தேன். சுற்றளவு 56 அங்குலமும் கொஞ்சமும், அதாவது விட்டம் 18 அங்குலம். 24 அங்குல விட்டம் என்று வாயால் சொல்லி விற்றிருந்தார். அப்படியானால் நூல் 75 அங்குலம் காட்டியிருக்க வேண்டும். அதைவிட மோசம், 22 அடித் தட்டுக்குக் கீழே குழாய் 18 அடிதான் இருந்தது. முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்குத் தட்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

குழாய் விலக்கும் நீரின் எடைதான் படகு தாங்கும் எடை. 18 அங்குல விட்டமும் 18 அடி நீளமும் உள்ள இரண்டு குழாய்கள் முழுவதும் அமிழ்ந்தால் ஏறக்குறைய 1,800 கிலோ தாங்கும். பாதிக் குழாயாவது நீருக்கு மேலே நிற்க வேண்டும் என்று வைத்தால் 900 கிலோ. அதில் தட்டு, கூரை, இயந்திரம், எரிபொருள் எல்லாம் சேர்ந்து 600 கிலோ அளவில் போய்விட, ஆட்களுக்கு மிஞ்சுவது 300 கிலோ, அதாவது நான்கு பேர். அதே விட்டக் குழாய் பூட்டிய அந்த 16 அடிப் படகு, தட்டும் கூரையும் இலேசானதால், ஐந்து பேரைத் தாங்கியிருக்கும். ஒன்பது இலட்சம் கூடுதலாகக் கொடுத்து ஒரு ஆளைக் குறைத்து வாங்கிய கெட்டிக்காரர்கள் நாங்கள்.

இடது குழாயின் அடைப்பைத் திருகியபோது ஒரு வாளிக்கு மேல் தண்ணீர் வந்தது. உள்ளே அறை பிரித்துத் தடுப்பு வைக்கவில்லை. குளத்துக்குள் நிற்கும் பட்டமரக் குற்றி ஒன்று கிழித்தால் குழாய் முழுவதும் நிரம்பிவிடும்.

தொலைபேசியில் கேட்டபோது, “22 அடி எண்டு தட்டைத்தான் சொன்னனான்” என்றார். பற்றுச்சீட்டிலும் “22 அடி மிதவைப் படகு” என்று மட்டுமே இருக்கிறது. ஆகவே வாங்க நினைப்பவர்கள் குழாயின் விட்டம், நீளம், அறைகளின் எண்ணிக்கை மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். சொல்லப்பட்ட ஆட்களின் எடைக்கு மண் மூட்டைகளை ஏற்றி, பாதிக் குழாய் வெளியே தெரிகிறதா என்று தண்ணீரில் பார்த்த பிறகே மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.

எங்கள் படகு இப்போது குளக்கரை மருதமரத்தடியில் கட்டைகள் மேல் நிற்கிறது. புதுக் குழாய்க்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம்; இம்முறை நூலைப் பிடிப்பவன் மச்சான்.