டிவி பதிவுகளை டிஸ்கில் போடக் கொடுக்கிறீர்களா? முதலில் நிமிடக் கணக்கைக் கேளுங்கள்

டிவியில் வந்தபோது நான் பதிவு செய்து வைத்திருந்த தொடர் ஒன்று, மொத்தம் 39 அத்தியாயம், ஒவ்வொன்றும் 22 நிமிடம். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதால் எல்லாவற்றையும் டிவிடியில் போட்டுத் தரும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஃபோல்டரைத் திறந்து அளவை மட்டும் பார்த்தார். 28 ஜிபி. "பாதியாகச் சுருக்கினால் 14. மூன்று டிஸ்கில் அடங்கிவிடும். ஜிப் பண்ணுவது மாதிரிதான் சார், தரம் துளியும் குறையாது" என்றார். எத்தனை நிமிடம் என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

மாதிரிக்கு ஒரு நிமிடம் போட்டுக் காட்டினார். இருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசும் காட்சி. பளிச்சென்று இருந்தது. இருக்காதா பின்னே? அசைவே இல்லாத காட்சிக்கு எவ்வளவு குறைந்த பிட்ரேட்டும் (ஒரு விநாடி வீடியோவுக்குச் செலவாகும் பிட் கணக்கு) போதும். வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மழைக் காட்சியில் துளிகளே இல்லை, சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக ஏதோ நெளிந்தது. கூட்டத்தில் ஓடுகிறவனின் முகம் சதுரங்களாகச் சிதறி, நின்ற பிறகுதான் ஒன்றுசேர்ந்தது.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பிட்ரேட்டை விநாடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் (எட்டு பிட் ஒரு பைட்) ஃபைல் அளவு. ஜிப் பிரித்தால் உள்ளே போட்டது அப்படியே திரும்ப வரும். வீடியோவைச் சுருக்கும்போது தூக்கி எறிந்த விவரம் திரும்பி வராது. ஒரு டிஸ்குக்கு 13 அத்தியாயம் என்றால் 286 நிமிடம், அதாவது 17,160 விநாடி. சாதாரண டிவிடியின் 4.7 ஜிபி என்பது 3,760 கோடி பிட். வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 2,190 கிலோபிட். ஒலிக்கு 192 போனால் படத்துக்கு 2,000 மிஞ்சும். முழு அளவு டிவிடி படத்துக்கு இது அரைவயிற்றுக் கஞ்சி. டிவிடி ரெக்கார்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், எஸ்பி என்ற வழக்கமான பதிவு முறையில் ஒரு டிஸ்குக்கு இரண்டு மணி நேரம்தான், அதுதான் பார்க்கும்படி இருக்கும். இவர் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகத் திணித்திருக்கிறார். டிஸ்குக்கு ஐந்து அத்தியாயம் வீதம் எட்டு டிஸ்க் ஆகியிருந்தால் படத்துக்கு 5,000 கிலோபிட்டுக்கு மேல் கிடைத்திருக்கும். மூன்றில்தான் அடக்கியாக வேண்டும் என்றால் படத்தின் அகலத்தைப் பாதியாக்கி 352×576 புள்ளிகள் என்று வைத்திருக்கலாம். கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் இத்தனை கட்டங்கள் வராது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 14 ஜிபியை மூன்றாகப் பிரித்தால் 4.67, டிஸ்க் அட்டையில் 4.7 என்று போட்டிருக்கிறது, ஆகவே சரி என்று நினைத்திருக்கிறார். டிஸ்க் கம்பெனிக்கு ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸ் 1,024ஆல் வகுத்து வகுத்து எண்ணும்; ஃபோல்டரில் அவர் பார்த்த 28 அப்படி எண்ணியதுதான். அந்தக் கணக்கில் டிஸ்கில் இருப்பது 4.37தான். இடம் போதவில்லை என்றதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாலை வெட்டிவிட்டார். மூன்று டிஸ்கிலும் கடைசி அத்தியாயம் நான்காவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மூன்றாவது டிஸ்கின் கடைசி அத்தியாயம் என்றால் தொடரின் முடிவே அதுதான். கதவைத் திறக்கக் கை நீட்டுகிறாள், மெனு வந்துவிடுகிறது.

என் தவறும் உண்டு. "எல்லாம் சரிபார்த்தாச்சு" என்று அவர் சொன்னதை நம்பி, ஒவ்வொரு டிஸ்கிலும் முதல் இரண்டு நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு மூலப் பதிவுகளை அழித்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு டிஸ்கிலும் கடைசி அத்தியாயத்தின் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். மாதிரி கேட்டால் மழை, தண்ணீர், புகை, ஓட்டம் உள்ள காட்சியாகக் கேளுங்கள். பழைய ஆன்டெனாப் பதிவில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருந்தால் அதுவும் பிட்டைத் தின்னும், அதற்கும் சேர்த்து இடம் விடச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்த மூன்று டிஸ்கையும் கொண்டுவந்தால் இன்னொரு முறை சுருக்கி "தெளிவாக்கி" தருகிறாராம். கொண்டுபோகவில்லை.