ஆம்ஸ்ட்ராங் கிரீக்: ஊதாக் குழாய்க்கு முழு மதிப்பெண், ஆனாலும்...

ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் புறநகர் தார்னீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு நகர மையத்தை ஒட்டிய டாக்லேண்ட்ஸுக்கு வேலைக்குப் போகும் நண்பர், ஆம்ஸ்ட்ராங் கிரீக்கில் வீடு வாங்கலாமா என்று கேட்டார். விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் நகருக்குத் தெற்கே, டார்கீ கடற்கரைக்குப் போகும் வழியில் வளர்ந்துவரும் ஊர். மனை விலை, பள்ளி, கடை எல்லாம் விசாரித்துவிட்டார். ஊதாக் குழாயைப் பற்றி மட்டும் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

இங்கே வீட்டுக்கு இரண்டு தண்ணீர் மீட்டர். ஒன்று குடிநீருக்கு. மற்றது, பிளாக் ராக் நிலையத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து, உள்ளூர் நீர் நிறுவனமான பார்வன் வாட்டர் ஊதா நிறக் குழாயில் அனுப்பும் 'கிளாஸ் ஏ' (உயர்தர) மறுசுழற்சி நீருக்கு. கழிவறைக்கும் தோட்டத்துக்கும் கார் கழுவவும் அதுதான். குடிக்க, சமைக்க, குளிக்க, பிள்ளைகள் விளையாடும் தொட்டியை நிரப்பக் கூடாது. விக்டோரியாவின் நிரந்தர நீர்ச் சிக்கன விதிப்படி, குடிநீரில் ஸ்பிரிங்க்ளர் போடுவது மாலை 6 முதல் காலை 10 வரைதான். ஊதாக் குழாய்க்கு அந்தக் கட்டுப்பாடே இல்லை. ஜனவரிக் கோடை வெயிலிலும் புல்தரை பச்சையாக இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

சாவி வாங்கும் அன்றே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். குடிநீர் மீட்டரை மூடிவிட்டு, சமையலறை, குளியலறைக் குழாய்களைத் திறந்து பாருங்கள். குழாயில் மிச்சமிருந்தது வடிந்ததும் நின்றுவிட வேண்டும். கழிவறைத் தொட்டி மட்டும் வழக்கம்போல நிரம்ப வேண்டும். சமையலறையில் தண்ணீர் நிற்காமல் வந்தால் பிளம்பர் இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். சரிசெய்து சான்றிதழ் கையில் வாங்காமல் குடியேறாதீர்கள்.

தண்ணீர் தாராளம் என்பதாலேயே வரும் கேடு ஒன்று உண்டு. இந்த வட்டாரத்தில் களிமண் அதிகம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுவரோரம் பூப்பாத்தி போட்டுத் தினமும் பாய்ச்சினால் அடித்தளத்தின் விளிம்பு தூக்கிக்கொள்ளும். கதவு இறுகும், பிளாஸ்டர் மூலைகளில் விரிசல் விழும். சுவரிலிருந்து முதல் 1 மீட்டருக்குள் தரை குறைந்தது 50 மில்லிமீட்டர் வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். மண் இளக, சதுர மீட்டருக்கு 1 கிலோ ஜிப்சம் போடலாம். மறுசுழற்சி நீரிலேயே சத்து இருப்பதால் உரத்தைக் குறைக்கவும். பாங்ஸியா, கிரெவிலியா போன்ற உள்ளூர்ச் செடிகளுக்கு அந்த நீரில் உள்ள பாஸ்பரஸ் ஆகாது. அவற்றுக்கு மழைநீர்த் தொட்டித் தண்ணீரே நல்லது.

இத்தனை புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். காரணம் ரயில். டார்கீ பக்கம் போக்குவரத்துக்கென்று நிலத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்களே தவிர, தண்டவாளம் போடவில்லை. மார்ஷல் ரயில் நிலையம் வரை காரில்தான் போக வேண்டும். 2023 மார்ச்சில் ரயில் கட்டணம் மெல்பர்ன் அளவுக்கு இறங்கியது. 2024இல் இரட்டைப் பாதையும் மார்ஷலில் இரண்டாவது நடைமேடையும் வந்தன. நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. அதற்காகத் தூரம் குறைந்துவிடுமா? டாக்லேண்ட்ஸை ஒட்டிய சதர்ன் கிராஸ் நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். காலையில் உட்கார இடம் கிடைக்கும். மாலையிலோ வழியில் உள்ள தார்னீட், விண்டம் வேல் போகிறவர்கள் இறங்கும் வரை நின்றுகொண்டே வர வேண்டும். கோடை வார இறுதியில் டார்கீ போகும் கார்கள் சர்ஃப் கோஸ்ட் ஹைவேயை அடைத்துக்கொள்வது வேறு.

வேலை ஜீலாங்கிலோ வான் பாண்ட்ஸ் டீக்கின் பல்கலைக்கழகத்திலோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டாக்லேண்ட்ஸ் வேலையை விட முடியாதவர், தென்மேற்குக் காற்று அடிக்கும் ஒரு குளிர்காலம் இங்கே வாடகைக்கு இருந்துவிட்டு முடிவெடுக்கட்டும்.