டெபியன் 13: வன்னியில் இருந்து சொப்ட்வெயர் பில்ட் செய்வோருக்குப் பொருந்துமா?

2025 ஆகஸ்ட் 9ஆம் திகதி வெளிவந்த டெபியன் 13, ‘ட்ரிக்ஸி’, இலவச லினக்ஸ் இயங்குதளம் ஒன்றின் புதிய பதிப்பு. லினக்ஸ் கேர்னல் 6.12, ஜிசிசி கொம்பைலர் 14.2, பைதன் 3.13, சிமேக் 3.31 ஆகியவற்றோடு வருகிறது. படம் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் அது எப்படி என்று பலர் எழுதிவிட்டார்கள். நிரல் எழுதி, கொம்பைல் செய்து (கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி), பிழை தேடுகிறவருக்கு எப்படி? உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைக்கும், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறவருக்கும், முல்லைத்தீவில் வீட்டிலிருந்து வெளியூர் வேலை செய்கிறவருக்கும் இந்தக் கேள்விதான் முக்கியம்.

எங்கள் முடிவு: பொருந்தும், நன்றாகவே பொருந்தும். வெளியான நாளிலிருந்து மூன்று வருடம் முழுப் பராமரிப்பு, அதன்பின் இரண்டு வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள். இடையில் கொம்பைலரின் பதிப்பு மாறாது. டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிற வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இங்கே ஒரு பில்ட் (நிரலிலிருந்து முழு மென்பொருளை உருவாக்கும் வேலை) உடைந்தால் நிரலைக் குறை சொல்லுமுன் மெமரி, கடிகாரம், கரண்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். டெபியன் 13இன் சில புதிய இயல்புகள் சரியாக அந்த இடங்களில்தான் இடறவைக்கின்றன.

முதலில் கணினி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லப்டொப்களுக்கு டெபியன் நல்ல மறுவாழ்வு. ஆனால் 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டோலரும் கேர்னலும் நிறுத்தப்பட்டுவிட்டன. 32 பிட் விண்டோஸ் ஓடுகிற கணினி என்பதற்காகக் கைவிட வேண்டாம். புரொசசர் 64 பிட்டாக இருக்கலாம். ஏதாவது ஒரு லினக்ஸ் பென்டிரைவில் கணினியைத் தொடங்கி ‘எல்எஸ்சிபியூ’ என்று அடித்தால் இரண்டாவது வரியில் 32 பிட், 64 பிட் இரண்டும் இருக்கிறதா என்று தெரியும். 32 மட்டும் என்றால் டெபியன் 12ஓடு நில்லுங்கள்.

டெபியனை ஏற்ற இறக்கும் பைலுக்கு இமேஜ் என்று பெயர். நெட் இன்ஸ்டோல் இமேஜ் 800 எம்பிக்குக் கிட்ட. மிச்சத்தை இன்ஸ்டோல் நேரத்தில் இணையத்திலிருந்து இழுக்கும். சிக்னல் இரண்டு கோட்டில் நிற்கிற இடம் என்றால் அதைத் தொடவே வேண்டாம். 4 ஜிபிக்குச் சற்றுக் குறைந்த முதலாம் டிவிடி இமேஜை நல்ல இணைப்புள்ள இடத்தில் இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொண்டு வருவதே வழி. டெஸ்க்டொப்பும், ஜிசிசியும் பில்ட்டை நடத்தும் மேக் கருவியும் அடங்கிய ‘பில்ட் எசென்ஷியல்’ பொதியும் அதிலேயே இருக்கின்றன. இறக்கியதும் பைல் முழுதாக வந்ததா என்று சரிபார்க்கும் எஸ்எச்ஏ512 கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த இமேஜ் இன்ஸ்டோலின் நடுவில்தான் காட்டிக்கொடுக்கும். விண்டோஸில் ரூஃபஸ் வைத்து எழுதும்போது ‘டிடி’ முறையைத் தெரிவுசெய்யுங்கள். வைஃபை ஃபேர்ம்வெயர் 12ஆம் பதிப்பிலிருந்தே இமேஜுக்குள் வருகிறது. அப்படியும் வைஃபை பிடிக்காத சில பிரோட்கொம் கார்ட்கள் உண்டு. அப்போது போனை யூஎஸ்பி வயரில் கொழுவி டெதரிங் போட்டால் இன்ஸ்டோலர் அதை ஒரு நெட்வேர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும்.

இன்ஸ்டோலின்போது ரூட் (நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்ட் கேட்கும். அதை வெறுமையாக விட்டால் நிர்வாகி வேலைகளைச் செய்யும் ‘சூடோ’ அனுமதி உங்கள் கணக்குக்குத் தானாகக் கிடைக்கும். பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டால் கிடைக்காது. பிறகு ‘சூடோயர்ஸ் பைலில் இல்லை’ என்று மறுக்கும். ‘எஸ்யூ’ போட்டு ஒரு இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு சேர்த்து ரூட்டாக நுழையுங்கள். கோடு இல்லாமல் நுழைந்தால் ‘அட்யூசர்’ கொமாண்டையே காணவில்லை என்று சொல்லும். நுழைந்தபின் ‘அட்யூசர்’, உங்கள் பெயர், ‘சூடோ’. லொக் அவுட் செய்து வந்தால் சரி.

இனிக் கொம்பைலர். ஜிசிசி 14 இந்தப் பதிப்பின் ஆகச் சிறந்த பகுதி, ஆக அதிகம் திட்டு வாங்கப்போகும் பகுதியும் அதுதான். முன்பு எச்சரிக்கையோடு விட்ட பல சி தவறுகளை இப்போது எரராக நிறுத்துகிறது: அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது, ‘இன்ட்’ எழுதாமல் வெறும் ‘மெயின்’ என்று தொடங்குவது, பொருந்தாத பொயின்டர்களை ஒன்றுக்கொன்று கொடுப்பது. ரியூஷன் நோட்ஸில் இருக்கும் பழைய நிரல்கள் பல இதனால் ஓடாது. இது நன்மைக்கே. ‘எஸ்டிடிலிப்’ ஹெடரைச் சேர்க்காமல் ‘மலொக்’ பாவித்தால் அது திருப்பித்தரும் 64 பிட் முகவரியை 32 பிட் எண் என்று எடுத்துக்கொண்ட காலம் இருந்தது. நிரல் எங்கோ ஒரு மூலையில் விழும், காரணம் பிடிபடாது. இப்போது முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுகிறது.

சொந்த நிரல் என்றால் திருத்துங்கள். வேறொருவருடைய பழைய நிரல் என்றால் ‘-எஃப்பேர்மிசிவ்’ கொடியை, அதாவது தெரிவை, கொம்பைலர் தெரிவுகளை வைக்கும் சிஃபிளாக்ஸில் சேர்த்தால் அந்த எரர்கள் மீண்டும் எச்சரிக்கையாகும். இதில் ஒரு மறைகுழி இருக்கிறது. பழைய ‘கொன்ஃபிகர்’ ஸ்கிரிப்ட்கள் ஒரு வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சின்னச் சின்னச் சி நிரல்களைத் தாங்களே எழுதிக் கொம்பைல் செய்யும். அந்தச் சோதனை நிரல்களும் ஜிசிசி 14இல் எரராகி, கணினியில் இருக்கிற வசதியையே ‘இல்லை’ என்று பதிந்துவிடும். பில்ட் சத்தமில்லாமல் முடியும், அம்சம் ஒன்று காணாமல் போயிருக்கும். ‘கொன்ஃபிக்.லொக்’ பைலைத் திறந்து, ‘இல்லை’ என்று வந்த சோதனைக்கு மேலே என்ன எரர் இருக்கிறது என்று பாருங்கள்.

‘கொனியோ’ ஹெடர் கேட்கும் நிரலுக்கு எந்தப் பொதியும் உதவாது. அது டேர்போ சி காலத்து டொஸ் ஹெடர். அந்த வரிகளை நீக்கத்தான் வேண்டும். மற்ற ஹெடர் ஒன்றைக் காணவில்லை என்றால், பெரும்பாலும் நூலகத்தின் ‘-டெவ்’ பொதி இல்லை என்று அர்த்தம். டெபியனில் பொதிகளைத் தேடி ஏற்றும் கருவி ஆப்ட். எந்தப் பொதி என்று ‘ஆப்ட்-பைல் சேர்ச்’ சொல்லும், ஆனால் அதற்கு முதலில் இறக்கும் பட்டியல் பெரியது. டேட்டா குறைவென்றால் பெயரை ஊகித்து ‘ஆப்ட் சேர்ச்’ போடுவது மலிவு. ‘எஸ்கியூஆர்டி’யைத் தெரியாது என்று லிங்கர் (கொம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) சொன்னால் கொமாண்டின் கடைசியில் ‘-எல்எம்’ சேர்க்க வேண்டும். முன்னால் சேர்த்தால் பலனில்லாமல் போகலாம், ஏனென்றால் லிங்கர் இடமிருந்து வலமாகவே தேவைகளைத் தீர்க்கிறது.

4 ஜிபி மெமரி உள்ள லப்டொப்பில் பெரிய சி பிளஸ் பிளஸ் திட்டங்கள் ‘கில்ட் சிக்னல், சிசி1பிளஸ்’ என்று நின்றால் கொம்பைலர் பழுதில்லை. மெமரி முடிந்ததும் கேர்னல் அதைக் கொன்றிருக்கிறது. கேர்னலின் செய்திகளைக் காட்டும் ‘சூடோ டிமெஸ்ஜி’ போட்டுப் பார்த்தால் ‘அவுட் ஒஃப் மெமரி’ வரி இருக்கும். ‘மேக் -ஜே2’ என்று குறையுங்கள், தேவையென்றால் -ஜே1. மேக்குக்குப் பதிலாக நிஞ்சா பாவித்தால் இன்னும் கவனம். எண் கொடுக்காவிட்டால் அது புரொசசரின் கோர்களை எல்லாம் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். மெமரி போதாதபோது டிஸ்கில் இடம் கொடுக்கும் 4 ஜிபி ஸ்வொப் பைல் ஒன்று போடுவது நல்லது: ‘டிடி’யால் உருவாக்கி, அனுமதியை 600 ஆக்கி, ‘எம்கேஸ்வொப்’, ‘ஸ்வொப்ஒன்’, பிறகு எஃப்ஸ்டப்பில் ஒரு வரி.

இதோடு சேர்ந்த புது மாற்றம் ஒன்று. டெபியன் 13இல் ‘டிஎம்பி’ கோப்புறை டிஸ்கில் இல்லை, மெமரியில் இருக்கிறது. மொத்த மெமரியில் பாதி வரை எடுக்கும். இறக்கிய சோர்ஸை அங்கே விரித்துக் கொம்பைல் செய்கிற பழக்கம் இருந்தால் டிஸ்கில் 100 ஜிபி காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று நிற்கும். அதைவிட மோசம், கரண்ட் போனால் அதில் இருந்த அத்தனையும் போகும். போகாவிட்டாலும், புதிதாக ஏற்றிய கணினியில் 10 நாள் தொடாத பைல்களை அதுவே துடைத்துவிடும். வேலையை ஹோம் கோப்புறையில் வைத்திருங்கள். பழைய முறைதான் வேண்டும் என்றால் ‘சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி.மவுன்ட்’, பிறகு ரீஸ்டார்ட். 4 ஜிபி கணினிகளில் அப்படிச் செய்வதையே பரிந்துரைக்கிறோம்.

கரண்ட் நின்ற பிறகு வரும் எரர்கள்தான் புதியவர்களை ஆக அதிகம் அலைக்கழிக்கின்றன. எழுதிய தரவு உடனே டிஸ்குக்குப் போவதில்லை, சிறிது நேரம் மெமரியில் நிற்கும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பெயர் மட்டும் உள்ள, அளவு பூச்சியமான ‘.ஓ’ பைல் (கொம்பைல் ஆன துண்டு) மிஞ்சலாம். மேக் பார்ப்பது திகதியை மட்டும். பைல் சோர்ஸைவிடப் புதியது, ஆகவே வேலை முடிந்தது என்று விட்டுவிடும். பிறகு லிங்கர் ‘பைல் நொட் ரெகக்னைஸ்ட்’ என்று கத்தும். ‘ஃபைன்ட்’ கொமாண்டில் அளவு 0 என்று கொடுத்து அந்த ‘.ஓ’ பைல்களை மட்டும் அழித்தால் போதும், எல்லாவற்றையும் மறுபடி கொம்பைல் செய்யத் தேவையில்லை. நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்திலும் இதே வகைக் காயம் வரும், ‘கிட் எஃப்எஸ்சிகே’ காட்டும். ஆப்ட் நடுவில் நின்றிருந்தால் ‘டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ’. அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் ‘சிகேஷ்’ பொதியைப் போட்டுக்கொள்ளுங்கள். முழுப் பில்ட்டை மறுபடி தொடங்கினாலும் ஏற்கனவே கொம்பைல் ஆனவை நொடியில் வந்துவிடும்.

கடிகாரம் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பழைய லப்டொப்பின் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் நேரம் பின்னே போகும். டெபியனின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி, கடிகாரத்தைக் கடைசியாக ஓடிய நேரத்துக்குக் கொண்டுவந்து வைப்பதால் தவறு கண்ணில் படாது. வருடம் சரி, நாள்தான் பிழை. அறிகுறி மூன்று: ஆப்ட், ரிலீஸ் பைல் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று மறுக்கும். கிட் குளோன் சான்றிதழைக் குறை சொல்லும். மேக் ‘கிளொக் ஸ்கியூ’ என்று எச்சரித்து, மாற்றிய பைலைக் கொம்பைல் செய்யாமலே விடும். விண்டோஸையும் டெபியனையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்குப் பட்டரி நன்றாக இருந்தாலும் இது வரும். விண்டோஸ் போர்ட் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் அதைச் சர்வதேச நேரமாகவும் எடுத்துக்கொள்வதால், எங்கள் நாட்டில் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம். ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ போட்டால் இரண்டும் ஒத்துப்போகும். நேரத்தைத் திருத்தியபின் ‘மேக் கிளீன்’ செய்து தொடங்குங்கள்.

பைதனில் நூலகங்களை ஏற்றும் ‘பிப் இன்ஸ்டோல்’ உடனே ‘எக்ஸ்டேர்னலி மனேஜ்ட்’ என்று மறுக்கும். டெபியனின் சொந்தக் கருவிகள் பல அதே பைதனில் ஓடுவதால் இந்தப் பூட்டு நியாயமானது. அதை உடைக்கும் கொடியை இணையத்தில் சொல்லித்தருவார்கள், கேட்க வேண்டாம். ‘பைதன்3-வென்வ்’ பொதியைப் போட்டு, திட்டத்துக்கு ஒரு வென்வ் (தனிப் பைதன் சூழல்) உருவாக்கி, அதற்குள் பிப் ஓட்டுங்கள்.

பிழை தேடும் கருவியான ஜிடிபி தொடங்கும்போது ‘டிபக்இன்ஃபோடி’யை இயக்கவா என்று கேட்டால் போன் டேட்டாவில் இருப்பவர்கள் ‘என்’ என்று சொல்லுங்கள். இயக்கினால் ஒவ்வொரு நூலகத்துக்கும் குறியீட்டுத் தரவை இணையத்திலிருந்து இழுக்கத் தொடங்கிவிடும். உங்கள் நிரலில் மட்டும் பிழை தேட ‘-ஜி’ கொடியோடு கொம்பைல் செய்தால் போதும். அதோடு ‘-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்’ சேர்த்தால் எல்லை மீறிய அணி எந்த வரியில் என்று ஜிடிபி திறக்காமலே தெரியும்.

தமிழில் அடிக்க ஐபஸ், எம்17என் போதும். தமிழ்99, ரெங்கநாதன் விசைப்பலகைகள் இரண்டும் அதில் உண்டு. திட்டக் கோப்புறையின் பெயரில் மட்டும் இடைவெளி விடாதீர்கள், மேக் அங்கே குழம்பும்.

கடைசியாக டேட்டா. பாடசாலைக் கூடத்திலோ வகுப்பிலோ 20 கணினி இருந்தால் ஒன்றில், இறக்கிய பொதிகளைச் சேமித்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் ‘ஆப்ட்-காஷர்-என்ஜி’ போடுங்கள். மற்றவற்றின் ஆப்ட் அமைப்பில் அந்தக் கணினியின் ஐபி முகவரியையும் 3142 போர்ட்டையும் எச்டிடிபி ப்ராக்ஸியாகக் கொடுங்கள். ஒரு பொதி இணையத்திலிருந்து ஒருமுறைதான் வரும், மிச்சம் 19க்கும் உள்ளூர் வயரில் போகும். ஆப்ட் முகவரிகள் எச்டிடிபியாகவே இருக்கட்டும், எச்டிடிபிஎஸ் ஆக்கினால் இது சேமிக்காது. பொதிகளின் கையொப்பத்தை ஆப்ட் தனியாகச் சரிபார்ப்பதால் பயப்படத் தேவையில்லை. இணையமே இல்லாத கணினிக்கு ‘ஆப்ட்-ஒஃப்லைன்’: ‘செட்’ போட்டு வேண்டிய பொதிகளின் பட்டியலைப் பென்டிரைவில் எடுங்கள். இணைப்புள்ள இடத்தில் ‘கெட்’ போட்டு இறக்குங்கள், அந்தக் கணினி விண்டோஸாக இருந்தாலும் பைதன் இருந்தால் ஓடும். திரும்பி வந்து ‘இன்ஸ்டோல்’. முதல் தடவை ‘செட்’டில் ‘அப்டேட்’ தெரிவையும் சேர்க்க மறந்தால், பழைய பட்டியலை நம்பி இப்போது இல்லாத பதிப்புகளைத் தேடி வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.