அக்ரிலேட்டா, எபாக்சியா? ஒளியில் இறுகும் இரண்டு ரெசின்கள்

ஒரு சொட்டு அக்ரிலேட் ரெசினைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, புற ஊதா விளக்கைச் சில நொடிகள் காட்டுங்கள். அடிப்பக்கம் கல் மாதிரி இறுகியிருக்கும். கையுறையோடு மேலே தொட்டால் பிசுபிசுக்கும். வெளிச்சத்தில் பிறக்கும் தனி உறுப்புகளை, அதாவது வினையைத் தொடங்கும் துடிப்பான மூலக்கூறுத் துண்டுகளை, காற்றிலுள்ள ஆக்சிஜன் பிடித்துக்கொள்வதால், மேற்பரப்பில் மட்டும் மூலக்கூறுச் சங்கிலி வளராமல் நின்றுவிடுகிறது.

எபாக்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது நேர்மின் அயனி வழியில் இறுகுவது, ஆக்சிஜனைக் கண்டுகொள்ளாது. ஈரமும், அமீன்கள் என்ற காரத்தன்மையுள்ள சேர்மங்களும்தான் அதற்கு ஆகாதவை. வேகத்திலும் அக்ரிலேட்டுக்குப் பின்னால்தான் நிற்கும்.

சுருக்கத்தில் எபாக்சிக்கே என் ஓட்டு. மூலக்கூறிலுள்ள வளையம் திறந்து இணைவதால் அது குறைவாகவே சுருங்கும். பல் அடைப்பில் இது பெரிய விஷயம்: அடைத்த பொருள் சுருங்கினால் ஓரத்தில் இடைவெளி விழும். 2007-இல் வந்த சைலோரேன் என்ற பல் அடைப்புப் பொருள் இதே வளையத் திறப்பு உத்தியால் சுருக்கத்தை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தது. ஆனால் அதற்கென்றே தனி ஒட்டுப்பொருள் தேவைப்பட்டது. பல் மருத்துவத்தில் அக்ரிலேட்டின் நெருங்கிய உறவான மெத்தாக்ரிலேட்டின் இடம் அசையவில்லை.

சரி, ஆக்சிஜன் எப்போதும் எதிரிதானா? இல்லை, எனக்கு மிகவும் பிடித்த திருப்பமே இங்கேதான் இருக்கிறது. 2015-இல் வெளிவந்த கிளிப் என்ற முப்பரிமாண அச்சு முறையில், தொட்டியின் அடியிலுள்ள ஜன்னல் வழியாக வேண்டுமென்றே ஆக்சிஜனை உள்ளே விடுகிறார்கள். சில பத்து மைக்ரான் தடிமனுக்கு ரெசின் இறுகாமல் திரவமாகவே நிற்கும். பொருள் ஜன்னலில் ஒட்டாது. நிறுத்தாமல் மேலே இழுத்துக்கொண்டே போகலாம். எபாக்சியில் இந்த வித்தை பலிக்காது.

பாதுகாப்பில் இரண்டையும் கவனிக்க வேண்டும். அக்ரிலேட்டை இறுக்க உதவும் டிபிஓ என்ற ஒளித் தூண்டிக்கு, நகப்பூச்சு உள்ளிட்ட அழகுப் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை போட்டிருக்கிறது. எபாக்சித் தூண்டிகள் பலவற்றில் ஆன்டிமனி என்ற நச்சுத் தனிமம் உண்டு.

லேசரால் இறுக்கும் முப்பரிமாண அச்சு ரெசின்களில் இரண்டையும் கலப்பதும் உண்டு: அக்ரிலேட் சட்டென்று வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், எபாக்சி பின்னால் வந்து உறுதி தரும்.

ஒளி புகாத இரண்டு துண்டுகளை ஒட்ட வேண்டுமா? தயங்காமல் எபாக்சியை எடுங்கள். விளக்கை அணைத்த பிறகும் அதன் வினை தொடரும். பசை மீது முதலில் ஒளியைக் காட்டிவிட்டு, அப்புறம் மற்றத் துண்டை வைத்து அழுத்தினால் போதும், இருட்டிலேயே இறுகிவிடும்.