வேலைவாய்ப்பு கணக்கு: பி.எல்.எஃப்.எஸ், சி.எம்.ஐ.இ, இ.பி.எஃப்.ஓ, ஏ.எஸ்.ஐ… எத எதுக்கு பாக்கணும்?

2024 ஜூன்ல நாட்டோட வேலையில்லா விகிதம் 9.2 சதவீதம்னு சி.எம்.ஐ.இங்கற தனியார் ஆய்வு நிறுவனம் சொல்லுச்சு. அதே ஜூனோட முடிஞ்ச 2023-24க்கு அரசு வீடு வீடா எடுக்கற வேலைவாய்ப்பு சர்வேயான பி.எல்.எஃப்.எஸ் சொன்னது வெறும் 3.2. டிவி விவாதத்துல ஆளுங்கட்சிக்காரர் ஒன்ன தூக்கிட்டு வருவார், எதிர்க்கட்சிக்காரர் இன்னொன்ன தூக்கிட்டு வருவார், ரெண்டு பேரும் பொய் சொல்லல, ரெண்டு சர்வேயும் கேக்கற கேள்விதான் வேற வேற.

பி.எல்.எஃப்.எஸ்ல அந்த 3.2 எப்படி வருதுன்னா, போன 365 நாள்ல பெரும்பாலும் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க, வேலை தேடிட்டுதான் இருந்தேன்னு சொன்னாலும் இடையில ஒரு 30 நாள் ஏதாவது வேலை பாத்திருந்தா நீங்க வேலையில இருக்கறவர் லிஸ்ட்ல போயிடுவீங்க. அதே சர்வேயில போன 7 நாள மட்டும் வச்சு எடுக்கற கணக்குல விகிதம் 4.9. சி.எம்.ஐ.இ அதுக்கும் கீழ இறங்கி, சர்வே எடுக்கற நாள ஒட்டி கேக்குது. காலம் சுருங்க சுருங்க நம்பர் ஏறும்ல.

இன்னொரு விஷயம், சொந்த வயல்லயோ வீட்டு மளிகைக் கடையிலயோ சம்பளம் இல்லாம ஒத்தாசை பண்ற அக்காவும் பி.எல்.எஃப்.எஸ்ல வேலையில இருக்கறவங்கதான். 2017-18ல 23.3 சதவீதமா இருந்த பெண்கள் பங்கேற்பு (வேலையில இருக்கற, இல்ல வேலை தேடற பெண்களோட பங்கு) 2023-24ல 41.7 ஆச்சு, இதுல ஒரு பெரிய பங்கு இந்த மாதிரி வேலைதான், கம்பெனி வேலை இல்ல. என்னைக் கேட்டா நம்ம நாட்டுல மொத்த வேலையில்லா விகிதத்த வச்சு பெருசா எதுவும் புரியாது, வேலை தேடிட்டு சும்மா உக்காந்திருக்கவும் கொஞ்சம் வசதி வேணும்ங்க. இளவட்டப் பசங்க நிலைமை தெரியணும்னா 15லேருந்து 29 வயசு விகிதத்த பாருங்க, 2023-24ல அது 10.2.

சரி, எந்தத் துறை வளருது எது தேயுதுன்னு பாக்கணும்னா? இங்கதான் இ.பி.எஃப்.ஓவும் (பி.எஃப் கணக்க பாக்கற அரசு அமைப்பு) ஏ.எஸ்.ஐயும் (ஃபேக்டரிங்கள வச்சு அரசு எடுக்கற வருஷ சர்வே) மோதுது.

இ.பி.எஃப்.ஓ மாசாமாசம் வருது, அதனால பேப்பர்காரங்களுக்கு ரொம்ப பிடிக்கும், "இந்த மாசம் இத்தன லட்சம் புது வேலை"ன்னு தலைப்பு போட்டுடுவாங்க. ஆனா 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தாதான் பி.எஃப் கட்டாயம். 19 பேர் இருந்த ஒரு கம்பெனியில இன்னும் ஒருத்தர சேத்தா 20 பேருமே புதுசா பதிவாவாங்க, உண்மையில உருவானது ஒரு வேலை! அதோட ஒரகடத்துல ஒரு கார் பிளான்ட் லைன்ல நிக்கிற பையன் கான்ட்ராக்டர் மூலமா வந்திருந்தா அவனோட பி.எஃப் கான்ட்ராக்டர் பேர்லதான் ஏறும், கணக்குல அது ஆட்டோமொபைல்ல வராது, "எக்ஸ்பர்ட் சர்வீஸஸ்"னு ஒரு தலைப்புல போயிடும். செக்யூரிட்டி, மேன்பவர் சப்ளை எல்லாம் அங்கதான், பேர பாத்தா ஏதோ பெரிய நிபுணர்ங்கன்னு தோணும் 😄

ஏ.எஸ்.ஐல அதே பையன் ஃபேக்டரி கணக்குலயே வருவான், கான்ட்ராக்ட் லேபர்னு தனியாவும் தெரியும். தொழிலாளர்ல அவங்க பங்கு 2023-24ல 40 சதவீதத்துக்கு மேல. தமிழ்நாடு ஃபேக்டரி எண்ணிக்கையிலயும் ஆள் எண்ணிக்கையிலயும் முதலிடம்னு சொல்றதும் இந்த சர்வேய வச்சுதான். உற்பத்தித் துறைக்கு என் ஓட்டு இதுக்குதான். குறை என்னன்னா லேட்டா வரும், 2023-24 கணக்கு 2025 ஆகஸ்ட்லதான் வந்துச்சு. அப்புறம் அந்தக் கணக்குல கரன்ட் இருந்தா 10 பேர், இல்லன்னா 20 பேராவது இருக்கற ஃபேக்டரிதான் பெரும்பாலும் வந்துச்சு. திருப்பூர்ல வீட்டு மாடியில நாலு பவர் டேபிள் போட்டு பீஸ் ரேட்டுக்கு தைக்கிறவங்க இதுல கிடையாது. அவங்கள மாதிரி சின்னத் தொழில்களுக்கு ஏ.எஸ்.யு.எஸ்.இன்னு தனி சர்வே, அதுல 2023-24ல கடை, சேவைத் தொழில் எல்லாம் சேத்து 12 கோடி பேர் இருக்காங்க, ஏ.எஸ்.ஐல 2 கோடிகூட இல்ல.

ஐ.டிக்கு ஏ.எஸ்.ஐ உதவாது, ஏன்னா அது ஃபேக்டரி சர்வே. கட்டட வேலைக்கும் விவசாயத்துக்கும் பி.எல்.எஃப்.எஸ் துறைவாரி டேபிள் தவிர வேற வழியில்ல, வருஷ ரிப்போர்ட்ட திறந்தா வேலையில்லா விகிதத்துக்கு முன்னாடி நான் அந்த டேபிளுக்குதான் போவேன். வேலையில இருக்கறவங்கள்ல 2018-19ல 42.5 சதவீதமா இருந்த விவசாயத்தோட பங்கு 2023-24ல 46.1. உற்பத்தி 11.4.