துளிரா, ரெசோனன்ஸா, ஆவணமா? மலைப் பள்ளிக்கு எந்த இதழ்?

ஏற்காட்டுக்கும் மேலே ஒரு மலைக் கிராமப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். நூலகத்துக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று சந்தா கட்டவே பணம் இருக்கும். எதை வாங்கலாம் என்று சேலத்து ஆசிரிய நண்பர்களும் கேட்கிறார்கள். படித்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

துளிர் 1987 முதல் வருகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் நடத்தும் சிறுவர் மாத இதழ். எட்டாம் வகுப்புப் பிள்ளை யாரையும் கேட்காமல் தானே படிக்கும். எங்கள் பள்ளியில் பத்தே நாளில் அட்டை கழன்றுவிடும். கோணி ஊசியால் தைத்து வைத்திருக்கிறோம். ஆனால் பிளஸ் டூ ஆசிரியருக்கு அது போதாது.

அவருக்கு ரெசோனன்ஸ். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதெமி 1996 முதல் கொண்டுவரும் மாத இதழ். பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், அதனால் சந்தா பணம் மிச்சம். ஆங்கிலம்தான் தடை. நான் படித்துவிட்டு வகுப்பில் தமிழில் சொல்கிறேன். 1932-ல் தொடங்கிய கரண்ட் சயின்ஸ் முழுக்க ஆராய்ச்சியாளர்களுக்கானது.

சரி, ஆவணம்? தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிடும் ஆண்டிதழ். கல்வெட்டுகளை வரி பிசகாமல் அச்சிடுவார்கள். அறிவியல் வாத்தியாருக்கு இது எதற்கு என்று நானும் நினைத்தேன். ஒரு மாணவி அதைப் புரட்டிவிட்டு, "எங்க பாட்டி ஊர் கோயில்லயும் பழைய கல்லு இருக்கு சார்" என்றாள். போய்ப் பார்த்தோம். பிள்ளையார் என்று கும்பிடும் இடத்தில் உள்ளங்கை அளவுக் கற்கள் ஐந்தாறு, சந்தனம் அப்பி இருந்தன. கருப்பாக, வழவழவென்று, ஒரு பக்கம் மட்டும் கூராகத் தீட்டியவை. புதிய கற்காலக் கோடரிகள்! சேர்வராயன் மலையில் இப்படி நிறையவே கிடைத்திருக்கின்றன. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் குடியிருந்ததும் ஏற்காட்டில்தான். கற்களை நகர்த்தாமல் பிள்ளைகள் அளவெடுத்தார்கள். எங்கே, எந்தத் திசையில், எத்தனை சென்டிமீட்டர் என்று ஆவணத்தில் பார்த்த மாதிரியே எழுதினார்கள். அதைவிட நல்ல செய்முறை வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியார் பல்கலைக்கழகம் போன்ற அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 2025 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டத்தின் வழியாகப் பெரிய பதிப்பாளர்களின் ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. தனியார் கல்லூரிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, அது வருத்தம்தான். நம்பகமான ஆய்விதழ்கள் எவை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடும் இதழ்களிடம் ஏமாறாதீர்கள். கட்டுரையை உண்மையில் யார் படித்துத் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள்.

இந்த ஆண்டு எங்கள் பள்ளிக்குத் துளிர் இரண்டு பிரதி, ஆவணம் ஒன்று. அந்த மாணவி எழுதிய நோட்டும் அதே அலமாரியில் இருக்கிறது.