பத்தே நாளில் ஓட வைத்த பொடி

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரிய இன நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயதான நாயின் கால்வலியைப் பத்தே நாளில் போக்கிவிடுவதாகச் சொல்லி, பெயர் ஒட்டாத வெள்ளை டப்பாவில் பழுப்புநிறப் பொடியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். 18,000 ரூபாய் கொடுத்தேன். நடந்ததில் பணம்தான் மிகச் சிறிய நஷ்டம்.

எங்கள் வீட்டில் இருப்பது கிரேட் டேன். பெயர் குண்டோதரன். மீனாட்சி கல்யாணத்தில் சமைத்த சோறு முழுவதையும் தின்று தீர்த்த பூதத்தின் பெயரை, குட்டி சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அப்பா வைத்தார். கூப்பிடுவது குண்டா. சென்ற ஆண்டு அவனுக்கு 7 வயது முடிந்தது. லேப்ரடாருக்கு அது நடுவயது. கிரேட் டேனுக்குத் தாத்தா வயது. இந்த இனம் பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள்தான் வாழும். அப்போது எடை 68 கிலோ. கிரானைட் தரையில் முன்னங்கால்களை ஊன்றிப் பின்பக்கத்தை இழுப்பான். இரண்டு முறை வழுக்கும். மூன்றாவது முறை எழுவான். எழுந்ததும் யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வைதான் என் புத்தியைக் கெடுத்தது.

முறையாக முதலில் டாக்டரிடம்தான் போனோம். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். எக்ஸ்ரே எடுத்தார், இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றார். ரத்தப் பரிசோதனையில் கல்லீரலும் சிறுநீரகமும் நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு மெலோக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதினார். எடையை 60 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள், தரையில் விரிப்பு போடுங்கள், ஒரே நடையாக இழுத்துக்கொண்டு போகாமல் நாளைக்கு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக நடத்துங்கள் என்றார். கட்டணம் 400 ரூபாய். மூன்று வாரம் செய்தோம். முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் எறும்பு ஊர்கிற வேகத்தில். மலிவான யோசனைக்கு மரியாதை கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கும்போது அந்த ஆள் வந்து சேர்ந்தார். நாய்களுக்கான தசைப் பயிற்சியாளர் என்று அச்சடித்த சட்டை. குண்டாவின் இடுப்பில் கை வைத்ததும் அவன் முனகினான். உடனே, "சார், இங்கேதான் வாயு கட்டியிருக்கிறது" என்றார். இடுப்பு தேய்ந்த எந்த நாயின் இடுப்பை அழுத்தினாலும் அது முனகும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கே வந்து எட்டு முறை எண்ணெய் தேய்ப்பது, நான்கு டப்பா மூலிகைப் பொடி, மொத்தம் 18,000. முதல் 5,000 மட்டும் யுபிஐயில் வாங்கினார், மீதி ரொக்கம். ரசீது கேட்டதற்கு, "குடும்பம் மாதிரி பழகுகிறோம், ரசீது எதற்கு சார்?" என்றார். என் மனைவி அப்போதே முகத்தைச் சுளித்தாள்.

பழைய எக்ஸ்ரேயைக்கூட அவர் பார்க்கவில்லை. இது எவ்வளவு ஆபத்து என்பது பிறகுதான் தெரிந்தது. வயதான பெரிய இன நாய் நொண்டினால் மூட்டுத் தேய்மானமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இந்த உடல்வாகு கொண்ட நாய்களுக்கு எலும்புப் புற்றுநோய் அதிகம் வரும், முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தோள்பட்டைக்கு அருகே, முழங்கால் பக்கம். அப்படி அரித்துப்போன எலும்பைத் தேய்த்து இழுத்தால் முறிந்தே போகலாம். குண்டாவுக்கு அது இல்லை, எங்கள் அதிர்ஷ்டம்.

காலையும் மாலையும் ஒரு கரண்டிப் பொடி. நான்காம் நாள் குண்டா ஒரே முயற்சியில் எழுந்தான். ஒன்பதாம் நாள் தெப்பக்குளக் கரையில் ஓடினான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீடியோ எடுத்து அந்த ஆளுக்கே அனுப்பினேன், நன்றி என்று எழுதி. "இனி தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓடவிடுங்கள்" என்றார். ஓடவிட்டேன்.

தேய்ந்த மூட்டு ஒன்பது நாளில் வளர்ந்துவிடுமா? அந்த வேகத்தைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மெலோக்சிகாமை நிறுத்த வேண்டுமா என்று கேட்டதற்கு, "மூலிகைதானே, இரண்டும் ஒன்றோடொன்று மோதாது" என்றார். இன்னொரு நாள், வலி கூடினால் நாம் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதி கொடுக்கலாம் என்றும் சொன்னார். நல்லவேளை, அதை மட்டும் நான் செய்யவில்லை. நாயின் வயிறும் சிறுநீரகமும் அதைத் தாங்காது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை 2006லேயே நம் நாட்டில் தடை செய்தார்கள். அது, அந்த மருந்து போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் செத்து விழுந்ததற்காக.

மூன்றாவது வாரம் முதல் குண்டா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். பாத்திரத்தை மூன்று மடங்கு அடிக்கடி நிரப்பினோம். பயிற்சி பெற்ற நாய், இரவில் ஹாலிலேயே சிறுநீர் கழித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். குளிர்ந்த விடியலிலும் மூச்சிரைத்தான். பெயருக்கேற்ற பசி வந்தது. அன்னக்குழி தோண்டிக் கொடுத்தாலும் போதாது என்கிற பசி. "உடம்பில் இருக்கும் நஞ்சு வெளியேறுகிறது" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. தொடை சூம்பிக்கொண்டே போனது, வயிறு தொங்கியது. ஒரு நாள் மாலை வயிறு வீங்கித் தெரிந்ததும் இரைப்பை முறுக்கம்தான் என்று நடுங்கிவிட்டேன். ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், எதுவும் வராது, எச்சில் ஒழுகும், நிலைகொள்ளாமல் அலையும். அந்த அறிகுறிகளைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். குண்டாவுக்கு இருந்தது அதுவல்ல.

ஐந்தாவது வாரம் ஒரு காலை, மலம் தார் போலக் கறுத்து ஒட்டிக்கொண்டு வந்தது. ஈறு வெளுத்திருந்தது. நான்கு பேர் சேர்ந்து போர்வையில் தூக்கி வண்டியில் ஏற்றினோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேறு என்ன கொடுக்கிறீர்கள்?" நான் ஒன்றுமில்லை என்றேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே தயாரித்தது, உரிமம் எண் என்ன, தொகுதி எண் என்ன, என்னென்ன சேர்ந்திருக்கிறது, எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதி ஒன்று பல மடங்கு உயர்ந்திருந்தது. தாகம், பசி, மூச்சிரைப்பு, தொங்கும் வயிறு, சூம்பிய தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இந்தப் பொடியில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றார். ஸ்டீராய்டையும் மெலோக்சிகாமையும் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியும். அதுதான் அந்தக் கறுப்பு.

டப்பாவைக் குப்பையில் எறிந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அதுவும் கூடாதாம். ஸ்டீராய்டு வாரக்கணக்கில் வெளியிலிருந்து கிடைத்துக்கொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். திடீரென்று நிறுத்தினால் நாய் சுருண்டு விழுந்துவிடும். ஆகவே அவர் அளந்து கொடுத்த மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். ஒரு வாரம் சலைன், வயிற்றுப் புண்ணுக்கு மருந்து, 31,000 ரூபாய் செலவு. பெரிய நாயின் முதுமைக்குப் பின்னங்கால் தசைதான் கையிருப்பு. பொடி அதைத்தான் தின்றிருந்தது. வலி மரத்துப்போனதால் ஓடிய ஓட்டத்தில் மூட்டும் இன்னும் தேய்ந்திருக்கும்.

அந்த ஆளை அழைத்தேன். "நடுவில் நிறுத்தியதால்தான் இப்படி ஆயிற்று" என்றார். பணத்தைக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

இப்போது அந்த 400 ரூபாய் யோசனையைத்தான் செய்கிறோம். படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை, அங்கிருந்து வாசல் வரை ரப்பர் விரிப்பு. நகத்தை ஒட்ட வெட்டுகிறோம். நீண்ட நகம் கிரானைட்டில் சறுக்குக்கட்டை. சாப்பாட்டைக் கரண்டியில் அல்ல, தராசில் அளக்கிறோம். 48 லேப்ரடார்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. கூடப் பிறந்ததைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. அப்பா மட்டும் இன்னும் மேசைக்கு அடியில் இட்லி போடுகிறார்; அவரை எந்த ஆய்வும் அசைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் சோழவந்தான் பக்கம் மாமா தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில், மார்பளவுத் தண்ணீரில் பத்து நிமிடம் நடக்கிறான். உடல் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ள, தசை மட்டும் வேலை செய்கிறது. எடை 60க்கு வந்துவிட்டது. எழுந்திருக்க இன்னும் இரண்டு முயற்சி வேண்டியிருக்கிறது.

நான் இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெஞ்சில் வெள்ளைத் திட்டுள்ள, பழுப்புநிறக் கிரேட் டேன் ஒன்று தெப்பக்குளக் கரையில் காது பறக்க ஓடி வரும் வீடியோவை அந்த ஆள் விளம்பரமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் அலுவலக நண்பர் ஒருவருக்கும் வந்திருக்கிறது. பின்னணியில் "வாடா குண்டா" என்று சிரிக்கும் குரல் என்னுடையது. அது ஒன்பதாம் நாள் எடுத்தது.